மூன்றாம் ஓலை

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஆகிவிட்டது என்று என்னாலும் சொல்ல முடியாது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பனையோலை எல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது, இப்போது ஒரு தாள்தான், பெயர் மட்டும் ஓலை. பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் மைக் முன்னால் வந்து, இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னாரைத் திருமணம் செய்ய விரும்புகிறார், இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார். எனக்கு அந்த மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நடக்கவில்லை. என் நிலைமை இவ்வளவுதான்.

அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக நெய்வேலிக்கு வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். எங்கள் ஊரில் சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட, பையன் பெர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்று கேட்கக் கூச்சப்பட மாட்டார்கள். என் பெயரோடு ஓலையில் பெயர் வந்தவர் கான்ட்ராக்ட். கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை. சொந்த ஊர் காடாம்புலியூர். அங்கே அவருடைய அம்மா முந்திரி உடைக்கப் போவார்கள். முந்திரிப் பால் பட்டு அந்த அம்மாவின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும்.

நான் அவரை முதலில் பார்த்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில், கோயிலின் பின்பக்கத் தூணுக்குப் பக்கத்தில், பிரசங்கம் முழுக்க நின்றுகொண்டே தூங்கினார். சட்டையெல்லாம் பழுப்புத் தூசி. அடுத்த ஞாயிறும் அதே தூண், அதே தூக்கம். நான் பாட்டுக் குழுவில் இருந்தேன், மேலே மாடத்தில் நின்றால் கோயில் முழுக்கத் தெரியும். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் கேட்டே விட்டேன், தூங்குவதற்கு எதற்குக் கோயிலுக்கு வர வேண்டும் என்று.

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வந்துட்டேங்க. வூட்டுக்குப் போனா படுத்துடுவேன், பூசை போயிடும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பாடுற பாட்டு மட்டும் கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார்.

பொய். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்தப் பொய்யில்தான் விழுந்தேன் என்று சொன்னால் என் தம்பி மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டார் என்றும் சொல்ல முடியாது. "பெர்மனென்ட் ஆவட்டும், பாப்போம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் இளமை போயிற்று. அவரைப் பெர்மனென்ட் ஆக்குகிற லிஸ்ட் வரும், அடுத்த வருஷம் வரும், தேர்தலுக்கு முன்னால் வரும் என்று வருஷங்கள் போயின. என்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். கடைசியில் அப்பாவே இறங்கி வந்தார், காரணம் நானோ அவரோ இல்லை. அப்பாவுக்கு டிசம்பரோடு ரிட்டையர்மென்ட். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இத்தனை வருஷம் இருந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கூட வேலை பார்த்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போக, மகளை அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. அம்மா செத்த வீடு அது. அங்கே ஒரு நல்ல காரியமும் நடக்கட்டும் என்று நினைத்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை என்று நாள் குறித்தோம். அதைத் தாண்டினால் திருவருகைக் காலம் வந்துவிடும், கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அப்புறம் ஜனவரி. ஜனவரியில் வீடு இருக்காது, அப்பாவின் மனசும் இருக்காது. "இந்தத் தேதி தவறிச்சுன்னா அப்புறம் எங்கிட்ட வராத" என்று அப்பா வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அத்தை வந்து இறங்கியது அப்போதுதான். அப்பாவின் அக்கா, விதவை, குழந்தை கிடையாது. அம்மா இல்லாத வீட்டில் கல்யாண வேலைக்கு ஒரு பெரிய பொம்பளை வேண்டாமா என்று தானே முடிவு செய்து, தானே ரயில் ஏறி, ஊர்ச் சட்டம் மொத்தத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஓலை வாசித்த பெண் தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது, அதனால் அந்தப் பூசைக்குப் போகக் கூடாது என்பது ஒன்று. முதல் இரண்டு ஓலையும் வாசித்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஓலை வாசித்த பெண்ணும் மாப்பிள்ளையும் தாலி கட்டும்வரை ஒரே வண்டியில் ஏறக் கூடாது என்பது இன்னொன்று.

"ஏன் அத்தை?" என்று கேட்டேன்.

"ஒரு வண்டி கவுந்தா ஒரு வீட்டுக்காவது ஆளு மிஞ்சணும்லாட்டி" என்றார். மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

எனக்குத் தாலி கட்டப்போகிறவரிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஊரில் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். "பரவால்லன்னு அத்தைகிட்ட சொல்லு. இத்தினி வருசம் தனித்தனியாதான இருக்கோம், இன்னும் ரெண்டு வாரம் இருக்கமாட்டமா" என்றார்.

கல்யாணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பு ஒன்றுக்குப் போயே ஆக வேண்டும். இரண்டு நாள். அந்தச் சான்றிதழ் பங்குத்தந்தை கைக்கு வந்தால்தான் மூன்றாம் ஓலை. நாங்கள் முன்னாலேயே போயிருக்க வேண்டும், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கான்ட்ராக்டில் லீவு என்றால் சம்பளம் போவது மட்டுமில்லை, சில சமயம் வேலையே போய்விடும். கடைசியில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வியாழனும் வெள்ளியும் கடலூரில் நடக்கும் வகுப்புதான் மிச்சம். ஞாயிறு காலைக்குள் சான்றிதழோடு திரும்ப வேண்டும்.

வியாழக்கிழமை விடிகாலையில், அத்தையும் துணைக்கு வர, நெய்வேலி ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினோம். மழை முந்தின நாளே பிடித்துக்கொண்டது. பஸ் போகிற ரோட்டில் இரண்டு இடத்தில் தண்ணீர் என்று சொன்னார்கள், அதனால் ரயில். அத்தையின் சட்டத்துக்கு அங்கே ஒரு சிக்கல் வந்தது. ரயில் ஒரே வண்டியா, பல வண்டியா? அத்தை பிளாட்பாரத்தில் நின்று யோசித்தார். "ரயிலு ஒண்ணா இருந்தாலும் பெட்டி வேற" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் அத்தையும் எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டி. அவர் கடைசிப் பெட்டி. அந்தக் காலத்துப் பாசஞ்சரில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளேயே நடந்து போக வழி கிடையாது. இறங்கித்தான் ஏற வேண்டும்.

"ஸ்டேஷன்ல பிளாட்பாரம் வர்ற பக்கம் ஜன்னல்ல உக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வடலூரில் வண்டி நின்றதும் மழையில் ஓடி வந்தார். ஜன்னல் கம்பி வழியாக ஒரு பொட்டலம் மல்லாட்டை கொடுத்தார். வேர்க்கடலை என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, மல்லாட்டை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை பேசுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள், திரும்ப ஓடினார். குறிஞ்சிப்பாடியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை கொடுக்க ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய விரல் மேல் என் விரலை வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். என் வாழ்க்கையில் அத்தை எனக்குச் செய்த பெரிய உதவி அந்தத் திரும்பல்தான்.

வகுப்பைப் பற்றி என்ன சொல்வது. ஒரு டாக்டர் அம்மா, ஒரு தம்பதி, ஒரு சாமியார். கணவனும் மனைவியும் கோபத்தோடு தூங்கப் போகக் கூடாது என்று சாமியார் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதோரம், "அப்ப நைட் ஷிஃப்ட்டு போறவன் கோவத்தை காலைலதான் தீக்கணும்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார அத்தையின் சட்டத்தில் தடையில்லை. அந்த இரண்டு நாள், வகுப்பு நடந்த நேரம் முழுக்க, ஒரே பெஞ்சில். நானும் அவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அதற்கு முன்னால் இல்லை. பிறகும் இல்லை. என் தாம்பத்தியம் என்று ஒன்று இருந்தால் அது அந்த பெஞ்சுதான்.

வெள்ளி மத்தியானம் சான்றிதழைக் கொடுத்தார்கள். அத்தை அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். மழை நிற்கவே இல்லை. ரோடு முழுக்க அடைபட்டுவிட்டது. இரவு அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை பார்க்கலாம் என்று வகுப்பு நடத்திய சிஸ்டர் சொன்னார். சனிக்கிழமை ரயில் ஓடுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ஒரு வண்டி போகும் என்றார்கள். ஏறினோம். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. நாள் தவறிவிடக் கூடாது என்ற பயம் எங்கள் மூன்று பேருக்குமே இருந்தது.

பெட்டி வேற என்பதும் மாறவில்லை. கடலூரில் ஏறும்போது அவர் என்னைப் பார்த்து, "குறிஞ்சிப்பாடில வர்றேன்" என்றார்.

குறிஞ்சிப்பாடி வரவில்லை. அதற்கு முன்னாலேயே வயலுக்கு நடுவில் வண்டி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வயல் இல்லை, தண்ணீர்தான். பனை மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. பெட்டிக்குள் முதலில் எல்லாரும் சத்தமாகப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கிவிட்டது. பொம்பளைகள் பாதிப் பேர் மாரியம்மனைக் கூப்பிட்டார்கள், நாங்கள் மாதாவைக் கூப்பிட்டோம். யார் கூப்பிட்டும் மழை குறையவில்லை.

மழைக்கோட்டு போட்ட கார்டு பெட்டி பெட்டியாக வந்து சொன்னார். "முன்னாடி பாலத்துக்கிட்ட தண்ணி மண்ணை எடுத்துட்டுது. வண்டி இனி நகராது. எல்லாரும் எறங்கி பின்னால கேட்டுக்கு நடந்து போங்க, டிராக்டர் வருது. இந்தப் பக்கமா மட்டும் எறங்குங்க. அந்தப் பக்கம் கரை கரைஞ்சிகினு இருக்குது."

அவர் சொன்ன பக்கம் என் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். கதவிலிருந்து தரை ரொம்ப ஆழம். யாரோ கையைப் பிடித்து இறக்கினார்கள். சரளைக் கல்லில் கால் சறுக்கியது. ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் வரிசையாக, ரயிலின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்னால் நடந்தோம். கடைசிப் பெட்டி பின்னால்தானே, அவர் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார், அங்கே நமக்காக நிற்பார் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

ரயிலின் பாதி நீளம் வந்திருப்போம். மறுபக்கத்திலிருந்து என் பெயர் கேட்டது.

அவர் குரல்தான். கார்டு போய்ச் சொல்வதற்கு முன்னாலேயே இறங்கியிருக்கிறார். என் ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறார். பிளாட்பாரம் வருகிற பக்கம் உட்காரச் சொன்னவர் அவர்தானே. ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டு, கூப்பிட்டுக்கொண்டு, எஞ்சினைப் பார்த்து நடக்கிறார். நான் அவரைத் தேடிப் பின்னால் போகிறேன். நடுவில் ரயில்.

குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தேன். சக்கரங்களுக்கு இடையில் இரண்டு கால்கள். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். செருப்பு இல்லை. பெல்ட்டில் மாட்டிக் கிழித்த தழும்பு வலது கணுக்காலில் தெரிந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் மண் கரைந்து போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் அது என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. கால்கள் நிற்கவில்லை. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்தன, அடுத்த இடைவெளியில் தெரிந்தன, மறுபடி மறைந்தன.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பின்னால் வருகிறவர்கள் தள்ளினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "நடங்கக்கா, நின்னா எல்லாரும் விழுவோம்" என்றாள். பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று அத்தை சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நடந்தேன்.

அவர் திரும்பி வரவில்லை. முன்பெட்டிக்குப் போயிருக்கிறார். அங்கே சாமான் மூட்டைகளோடு இறங்கத் தயங்கிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி இருந்திருக்கிறார். பொம்பளைகள் எங்கே என்று இவர் கேட்டதற்கு, சில பேர் பாலத்தைத் தாண்டி முன்னால் போனதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் பொய் இல்லை. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் கொஞ்சம் பேர், கார்டு வருவதற்கு முன்னாலேயே பாலத்தைத் தாண்டித் தங்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்களோடு நானும் போயிருப்பேன் என்று நினைத்து இவர் பாலத்துக்கு ஓடினார். பாலத்தில் கால் வைப்பதற்கு முன்னாலேயே கரை அவரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அந்த வியாபாரி பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "கை நீட்டினேம்மா, எட்டல" என்றார். அவருக்கு காபி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

கேட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசி ஆள் வரும்வரை பார்த்தேன். டிராக்டர் இரண்டு தடவை வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மூன்றாவது தடவை என்னைத் தூக்கி வைத்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நானும் அத்தையும் நெய்வேலி வந்து சேர்ந்தோம். அப்பாவும் தம்பியும் குறிஞ்சிப்பாடிக்குத் தேடப் போனார்கள். படகு வைத்துத் தேடுகிறார்கள் என்று போன் வந்தது. தண்ணீர் வடியவில்லை என்று அடுத்த போன் வந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மரத்தைப் பிடித்துக்கொண்டு எங்காவது இருப்பார் என்றார்கள். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றும் அவர்களே சொன்னார்கள். இரண்டில் எது என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. வாசலில் பந்தலுக்கு நட்ட சவுக்குக் கம்புகள் நனைந்துகொண்டு நின்றன.

அத்தை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதை வைத்த கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். அத்தை எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் ஓலை வாசிக்கிற பூசை அது, நான் போகக் கூடாத பூசை. என்னைப் பார்த்தார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பூசைக்கு முன்னால், ஃபாதர் பூசை உடுப்பு மாற்றுகிற சக்ரீஸ்து அறையில் அவரைப் பார்த்துக் கவரைக் கொடுத்தேன். வயதானவர். கையில் வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. நிறுத்தி வைப்போம். மாப்பிள்ளை கிடைக்கட்டும்" என்றார்.

"நிறுத்தினா செத்துட்டார்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் ஃபாதர். வாசிங்க."

"அம்மா..."

"சான்றிதழ் குடுத்தா வாசிப்பேன்னு சொன்னீங்க. குடுத்துட்டேன். வாசிங்க."

அவர் கவரைப் பிரித்துச் சான்றிதழை எடுத்தார். நான் மாடத்துக்குப் போகவில்லை. பின்பக்கத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் மைக்குக்கு வந்தார். முதலில் அவருடைய பெயர், அவருடைய அப்பா அம்மா பெயர், காடாம்புலியூர். பிறகு என் பெயர். அவர் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து, ஒரே மூச்சில், சத்தமாக, ஊர் கேட்க ஒரு குரல் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அத்தனை வருஷம் மறைத்து மறைத்துச் சொன்ன பெயர். இது மூன்றாம் ஓலை என்றார். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள், என்று தொடங்கி நிறுத்தினார். பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார்.

அந்தக் கோயிலில் இருந்த எல்லாருக்கும் தடை தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மழை விட்டிருந்தது, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை என்று ஊரே ஒப்புக்கொண்டது. நான் முழங்காலில் விழுந்து அழுதேன். அது ஜெபம் இல்லை. அன்றைக்கு ஆண்டவரிடம் பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவரிடமும் என்னிடம் பேச ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் வடிந்தபோது கிடைத்தார். கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தாராம். எனக்குக் காட்டவில்லை. காடாம்புலியூரில் சவப்பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தார்கள். பண்ருட்டியில் தைத்த கல்யாணக் கோட்டை அவருடைய அம்மா பெட்டியின் மேல் விரித்து, கைகளை மடித்து, பட்டன் போட்டுவிட்டார்கள். கறுத்துப் போன அந்த விரல்களுக்குப் பட்டன் போடச் சிரமமாக இருந்தது. நான் போய் மிச்சப் பட்டனைப் போட்டேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பா குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டினார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். எனக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று கேட்டவர்களை நான் கேட்ட கேள்வியில், பிறகு யாரும் கேட்கவில்லை. அத்தை ஊருக்குத் திரும்பவே இல்லை. நானும் அத்தையும்தான் அந்த வீட்டில். காலையில் காபி நான் போடுவேன், மாலையில் அத்தை போடுவார். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம், அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசியதில்லை. அத்தையின் சட்டம் சரியாகத்தான் வேலை செய்தது. ஒரு வீட்டுக்காவது ஆள் மிஞ்ச வேண்டும் என்றார், மிஞ்சியது. அது நான்தான். மிஞ்சி என்ன செய்வது என்று மட்டும் அவர் ஊர்ச் சட்டத்தில் இல்லை.

போன வருஷம் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அதே வகுப்பு, அதே கடலூர். பிள்ளைகள் இரண்டு பேரையும் தனியாக அனுப்பத் தம்பிக்கு மனசில்லை, நானும் அத்தையும் துணைக்குப் போனோம். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். நெய்வேலி ஸ்டேஷனில் வண்டி வந்தது. தம்பி மகள் ஏறாமல் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய கதையை அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"என்னட்டி முழிச்சிக்கிட்டு நிக்க. போயி அவனோட உக்காரு. எங்க போனாலும் அவன் பக்கத்துலயே இரு" என்றார் அத்தை.

அவள் சிரித்துக்கொண்டே அவனோடு ஏறினாள். அத்தையின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று கத்த வேண்டும் போல எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது. இவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிற சட்டமா அது? ஒரு வார்த்தையில் போகக்கூடியதா? அதை அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. கையை மட்டும் தட்டிவிடவில்லை, பிடித்து ஏற்றி உட்கார வைத்தேன்.

பிள்ளைகள் எங்களுக்கு எதிர் சீட்டில் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் பிளாட்பாரம் வருகிற பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன். வடலூரில் வண்டி நின்றது. கம்பியில் விரலை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். மல்லாட்டை விற்கிறவன் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக வந்தான், வேண்டாம் என்றேன். விசில் ஊதினார்கள். குறிஞ்சிப்பாடியிலும் வண்டி நின்றது.